எண்ணெய் தேய்த்து வந்தவர்கள்

சென்ற மாதம் பாத்திமா போன் செய்தாள். நான் இருபத்தெட்டு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்த அரசு மருத்துவமனையில் இப்போது அவள்தான் மூத்த மருந்தாளுநர். ஏழு வருடம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். அதையும் மீறி நன்றாகவே வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பதிவுச் சீட்டு இப்போது கம்ப்யூட்டரில் வருகிறது. ‘மனநலப் பிரிவு’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகிறது. அடுத்த முறை வர வேண்டிய நாளை நினைவூட்டி கைபேசிக்குத் தகவலும் போகிறது. விளைவு, அந்தப் பிரிவுக்கு வருகிறவர்களில் சிலர் சொந்தப் பெயரையும் நம்பரையும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி பெயர், மச்சான் நம்பர், சில சமயம் வாய்க்கு வந்த நம்பர். வீரகேரளம்புதூரில் ஒரு கொத்தனாருக்கு, நாளை மனநலச் சிகிச்சைக்கு வரவும் என்று தகவல் போயிருக்கிறது. இது மாமியார் வீட்டு வேலைதான் என்று அவர் முடிவு செய்து, குடும்பத்தோடு நேரில் வந்து விசாரித்தாராம். மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரோ, பாவம், எந்தப் பெயரில் வாங்கினால் என்ன என்று கண்டுகொள்ளாமல் மாத்திரை கொடுக்கிறார்களாம்.

“நான் சொன்னா கேக்க மாட்டேங்காங்க சார். நீங்க அந்த ஏட்டையா விஷயத்த எழுதிக் குடுங்க. அது மட்டும் போதும்” என்றாள்.

அது மட்டும் போதுமாம். இருபத்தெட்டு வருடத்தில் எழுதத் தகுந்தது ஒன்றுதான் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். யோசித்துப் பார்த்தால், கணக்கு சரிதான்.

ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். முதுகைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இதையும் இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

நான் படித்த பார்மசி படிப்பு இரண்டு வருடம். டாக்டர் எழுதியதை எப்படி வாசிப்பது என்பதை அதில் யாரும் சொல்லித் தரவில்லை. மற்றதெல்லாம் சொல்லித் தந்தார்கள். வேலைக்கு வந்தபின் மற்றதையெல்லாம் மறந்து வாசிக்கக் கற்றுக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான். மருத்துவமனை எது என்று எழுதப் போவதில்லை. தென்காசி வட்டாரத்தில் ஒன்று, குற்றாலம் போகிற பஸ் அதன் வாசலில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்பது இந்தக் கதைக்கு முக்கியம்.

மனநலப் பிரிவு என்று தனியாகக் கட்டடம் எல்லாம் அப்போது கிடையாது. மருந்தகத்தின் பின்பாதியை ஒரு ப்ளைவுட் பலகையால் தடுத்து, அந்தப் பக்கம் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. புதன்கிழமைதோறும் நாகர்கோவிலிலிருந்து டாக்டரம்மா வருவார். நோயாளி சொல்வதை வெளியே சொல்லக்கூடாது என்று டாக்டருக்கு விதி உண்டு, எனக்கும் உண்டு. ப்ளைவுட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே மூன்று வருடம் நான் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தகம் படிக்கிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு உண்டு, ஆனால் அந்தப் பலகைக்கு அப்பால் கேட்டதற்கு முன்னால் புத்தகம் நிற்கவில்லை.

டாக்டரம்மா மை பேனாவால் எழுதுகிறவர். ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் பேனாவை மூடி சீட்டின் மேல் குறுக்கே வைத்துவிடுவார். ஆள் பேசி முடிக்கிற வரை திறக்க மாட்டார். “இந்த அம்மா ஒண்ணும் எழுத மாட்டேங்காகளே” என்று வெளியே வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. மற்ற டாக்டர்கள் அவர்கள் உட்காருவதற்கு முன்பே எழுதி முடித்திருப்பார்கள், அந்தப் பழக்கம்.

மனசு சரியில்லையா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. காலையில் எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, முழித்ததும் முதல் நினைப்பு என்ன, குழம்பில் உப்பு குறைந்தால் தெரிகிறதா, பிடித்த காரியத்தைக் கடைசியாக எப்போது செய்தீர்கள், இப்படித்தான். பாதிப் பேர் கைகால் அசதி, தலைபாரம், நெஞ்சில் கல் வைத்த மாதிரி என்றுதான் வருவார்கள். உடம்புக்கு என்று சொன்னால் வெட்கமில்லை. அவர் அதையும் முழுசாகக் கேட்பார். கடைசியில், குரலை ஏற்றாமல் இறக்காமல், செத்துப்போயிரலாம்னு தோணுதா என்று கேட்பார். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, இப்படிக் கேட்டு நாமே எடுத்துக் கொடுக்கலாமா என்றாள். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை, ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவருக்கு இறக்கிவைக்க ஒரு இடம் கிடைக்கும் என்றார் டாக்டரம்மா. “காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கு. இதுக்கு அவங்க வாய்தான். வேற கருவி கிடையாது” என்றும் சொன்னார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் தலையாட்டினேன்.

வந்த முதல் வருடமே அவருக்கு ஒரு சந்தேகம். ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் மனச்சோர்வு நோயாளிகள் அதிகமாக வருகிறார்களே, சாரல் மழைக்கும் மனதுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று. ஒரு மாநாட்டில் வாசிக்கக் கட்டுரையாக எழுதலாம் என்று குறிப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார். நான்தான் உண்மையைச் சொன்னேன். “டாக்டர், வர்றவங்க தலையப் பாத்தீங்களா?”

எல்லாருடைய தலையிலும் எண்ணெய். தோளில் துண்டு, கையில் மாற்றுத்துணிப் பை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தும் திருவேங்கடம் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் ஊரில், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். எங்கள் வாசலில் இறங்குவார்கள். மாத்திரையை ஈரமாகாத பையில் வைத்துக்கொண்டு, நேரமிருந்தால் அருவிக்கும் போய்விட்டு, தலை காய ஊர் திரும்புவார்கள். சீசன் முடிந்துவிட்டால் சொல்லிவிட்டு வரக் காரணம் கிடையாது. வராமலேயே இருந்துவிடுவார்கள். வந்தே ஆக வேண்டியவர்கள் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்வார்கள். மாசி, பங்குனியில் அந்தக் கரிசல் ஊர்களில் பல்லே மிஞ்சியிருக்காது என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். டாக்டரம்மா தன் குறிப்புகளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை அப்படி எண்ணெயில் முடிந்தது.

கோமதி அப்படி ஒரு ஆனி மாதம் வந்தார். திருவேங்கடத்துக்குப் பக்கத்து ஊர். நாற்பது வயது இருக்கும், சுறுசுறுப்பான பெண். எண்ணெய், துண்டு, பை எல்லாம் சரியாக இருந்தன. நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து கிணற்றடியில் போய் உட்கார்ந்திருக்கத் தோன்றுகிறது, சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கிறது, உடுத்திக்கொண்டு கிளம்பவே ஒரு மணி நேரம் ஆகிறது, நம்மால் எல்லாருக்கும் தொந்தரவு என்று நினைப்பு வருகிறது என்றார். ஒன்றுக்கும் தடுமாறவில்லை. கடைசிக் கேள்விக்கு, “அய்யோ, அதெல்லாம் இல்ல டாக்டர்” என்று உடனே சொன்னார்.

பதினைந்து நாளுக்கு மாத்திரை. கவரில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை என்று படம் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். படத்தை விட முக்கியமானது ஒப்பிக்கிற மூன்று வாக்கியம். மாத்திரை வேலை செய்வது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. உங்கள் மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. காலி அட்டையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது டாக்டரம்மா சேர்த்த நாலாவது. கோமதி நாலுக்கும் தலையாட்டினார். மூன்றாவதற்குச் சற்று அதிகமாகவே ஆட்டினார் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது முறை காலி அட்டைகளோடு வந்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார்.

“அண்ணாச்சி, இதச் சாப்பிட்டுட்டு பரேடுல நிக்கலாமா?”

திருவேங்கடம் பக்கம் வீட்டுப் பெண்களுக்குப் பரேடு நடப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கதை படித்தவன் அல்லவா, ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததில் ஒரு பெருமை வேறு. எதையும் காட்டிக்கொள்ளாமல் சொன்னேன்: “நிக்கலாம்மா. தலை சுத்துனா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க.”

சொல்லச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையோடு நானும் கூட்டாளி ஆனேன். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து, மனித மனத்தைப் புரிந்துகொண்ட மருந்தாளுநர் தமிழ்நாட்டில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டே மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மருந்து நின்றுவிடும், போலீஸ்காரர் குடும்பம், ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நானே நல்ல நல்ல காரணங்களாகச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது முறை ஆடி மாதம் நடுவில். டாக்டரம்மா வழக்கம்போலப் பேனாவை மூடி வைத்தார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் முழிப்பு இன்னும் சீக்கிரமாகிறது, சாப்பாடு இன்னும் குறைகிறது என்று கோமதி சொன்னார். சொன்னவருக்கோ உடம்பு கொஞ்சமும் இளைத்திருக்கவில்லை. கடைசிக் கேள்வி வந்தது. மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு எண்ணிக்கை தவறியது.

“அத மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுதேன் டாக்டர்” என்றார் கோமதி.

“யார்கிட்ட?” என்று கேட்கவில்லை டாக்டரம்மா. காத்திருந்தார். அதன்பிறகு கோமதி சொன்னதை நான் மறக்கவில்லை. “மொத தடவ நீங்க கேட்டப்ப, இல்லன்னு சொன்னது எனக்குச் சொன்னது. மத்ததெல்லாம் அவுக சொல்லிக் குடுத்தது. இத அவுககிட்ட கேக்க எனக்குத் தைரியம் வரல. பதினஞ்சு நாளா கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். அவுக துப்பாக்கியோட நிக்கிற வேல டாக்டர்.”

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. பலகையைப் பார்த்துச் சொன்னார்: “கேட்டுட்டுத்தானே இருக்கீங்க. உள்ள வாங்க.”

போனேன்.

கணவர் வேலுச்சாமி, காவல்துறையில் ஏட்டு. மூன்று முறையும் மனைவியோடு பஸ்ஸில் வந்து, எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். சொந்தப் பெயரில் சீட்டுப் போட்டால் விஷயம் ஸ்டேஷனுக்குத் தெரியும், மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது அந்தப் பெயர் முந்திக்கொண்டு போய் நிற்கும். இவ்வளவையும் யோசித்துத்தான் இந்த ஏற்பாடு. கூட்டிவரச் சொல்லி டாக்டரம்மா என்னைத்தான் அனுப்பினார். “நான் போனா ஊரே பாக்கும். நீங்க எப்பவும் டீ குடிக்கப் போறவர்தானே.” பதினோரு மணி டீயை அவர் கவனித்து வைத்திருந்தார்.

ரோட்டைக் கடக்கும்போது பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஒரு வேடிக்கைப் பேச்சோடு தொடங்கலாம் என்பது திட்டம். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. டீக்கடை பெஞ்சின் ஓரத்தில், நெற்றி வரை எண்ணெய் வழிய, மடியில் துண்டோடு உயரமான ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த டீயில் ஆடை படர்ந்திருந்தது. என் வேடிக்கைப் பேச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே தொடங்கினார்.

“நீங்க மருந்து குடுக்குத ஆளுதான? அவ என்ன பண்ணுதா உள்ள?”

“ஒரு கேள்விக்கு அவங்களுக்குப் பதில் தெரியல அண்ணாச்சி. உங்கள்ட்டதான் கேக்கணும்னு சொல்லுதாங்க.”

“என்ன கேள்வி?”

நூற்றுக்கணக்கான முறை பலகை வழியாகக் கேட்ட கேள்வி. என் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு ஏறியும் இறங்கியும்தான் வந்தது.

“செத்துப்போயிரலாம்னு தோணுதா?”

வேலுச்சாமி என்னைப் பார்க்கவில்லை. குற்றாலம் பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொத தடவ அவ என்ன சொன்னா?”

“இல்லன்னு சொல்லிட்டாங்க.”

“தப்பாச் சொல்லிருக்கா” என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

சீட்டுப் போடும் ஜன்னலில் நான் முன்னால் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆயிரம் பேரிடம் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் என்று கேட்டு எழுதியவர், கேட்பதற்கு முன்பே அதே வரிசையில் தன்னுடையதைச் சொன்னார். எந்த டாக்டர் என்று ஜன்னலில் கேட்டார்கள். “புதன்கிழமை டாக்டர்” என்றார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் தலையிலும் எண்ணெய் இருந்தது.

அவர் உள்ளே போனபின் நான் மருந்தகத்தில் நிற்கவில்லை. வெளியே வந்து ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்தில் நின்றேன். அன்று மட்டும் அந்தப் பலகை வேலை செய்யவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கே திருநெல்வேலியில் சேர்க்கச் சொல்லி, கடிதம் கொடுத்து, கோமதியையும் கூட அனுப்பினார் டாக்டரம்மா. தன்னைக் கொஞ்ச நாள் துப்பாக்கி இல்லாத வேலையில் போடச் சொல்லி வேலுச்சாமியே தன் இன்ஸ்பெக்டருக்கு அங்கிருந்தே போன் பேசினார்.

மாலையில் வண்டி ஏறுவதற்கு முன் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். எத்தனை நாளாகத் தெரியும் என்றார். பதினைந்து நாள் என்றேன். பேனாவை மூடி மேஜையில் வைத்தார். நோயாளிகளுக்கு வைக்கிற மாதிரி.

“நான் பார்க்காத ஒருத்தருக்கு நீங்க மருந்து குடுத்திருக்கீங்க. அவர் முகத்தப் பாத்திருந்தா அந்த மருந்தோட விட்டிருக்க மாட்டேன். ரகசியத்தக் காப்பாத்துனீங்க, சரி. ஆளை?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதில் ஒரு உவமை இருந்தது என்று நினைவு. அவர் காத்திருப்பதைப் பார்த்ததும் சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு விதி வந்தது. கவரில் சீட்டிலுள்ள பெயர் மட்டும் போதாது. கொடுப்பதற்கு முன் யாருக்கு என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். சாப்பிடுகிறவர் பெயரைக் கவரில் எழுத வேண்டும். வேறு பெயர் வந்தால் மாத்திரை அங்கேயே நிற்கும், விஷயம் டாக்டரிடம் போகும். பாத்திமா சேர்ந்த முதல் நாள் நான் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். ஏன் என்று கேட்டாள், வேலுச்சாமி கதையைச் சொன்னேன்.

வேலுச்சாமிக்குக் குணமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஸ்டேஷனில் ரைட்டர் வேலைக்கு மாற்றினார்கள். பட்டப்பெயரும் வைத்தார்கள், அவர் பயந்தது முழுக்கப் பொய்யில்லை. மகள் கல்யாணமும் நடந்தது. பத்திரிகை வைக்க வந்தபோது, முன்பு மூன்று தடவை எண்ணெய் தேய்த்து வந்தும் ஒரு தடவைகூடக் குளிக்கவில்லை, இன்றைக்காவது போகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் அருவிக்குப் போனார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். பாத்திமா கேட்டது இவ்வளவுதான். ஆனால் முதுகுவலி பாக்கி இருக்கிறது.

எனக்கு முதுகில் ஒன்றும் இல்லை. சர்வீசின் கடைசி வருடம் காலையில் நாலு மணிக்கு முழிப்பு வர ஆரம்பித்தது. மாத்திரை எண்ணினால் பாதியில் விட்டுப்போயிற்று. படிப்பதற்கு எடுத்த புத்தகத்தில் முதல் பக்கத்தையே ஒரு வாரம் படித்தேன். டாக்டரம்மா அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அவருடைய கேள்விகளை எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். வினாத்தாள் முன்கூட்டியே கையில் இருப்பவன் தேறாமல் போவானா? எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாக எழுதினேன். கடைசிக் கேள்விக்கு, பொருந்தாது என்று போட்டேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இலத்தூரில் வீட்டோடு உட்கார்ந்தேன். எட்டு மாதம்.

ஒரு நாள் மதியம் நான் சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் என் மனைவி இந்திரா சொன்னாள்: “மூணு நாளா குழம்புல உப்பு போடல.”

எந்தக் காலத்திலோ சாப்பாட்டு வேளையில் டாக்டரம்மாவின் கேள்விகளை நான் வேடிக்கையாகச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவள் அதை ஞாபகத்தில் வைத்திருந்தாள். நாளைக்குப் புதன்கிழமை, போவோம் என்றாள். அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அங்கே எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், நீ போய் உன் பெயரில் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றேன். வேலுச்சாமி கதை முழுவதும் தெரிந்த நான். அந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொன்ன நான்.

இந்திரா கோபப்படவில்லை. “அந்தக் கடைசிக் கேள்விய கேட்டா நான் என்ன சொல்லணும்?” என்றாள்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கிளம்பினேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. அத்தனை பக்கத்தில் இருந்தும் நான் குற்றாலத்தில் குளித்து இருபது வருடமாகிறது என்பது தெருவுக்கே தெரியும். இருந்தாலும் எண்ணெய் வைத்தேன். இந்திரா பார்த்தாள், மாற்றுத்துணிப் பையை எடுத்துக்கொண்டாள். சொந்தப் பெயரில் சீட்டு. புது டாக்டர் இளைஞர். பேனாவைத் திறந்தே வைத்திருந்தார், ஆனால் கேள்விகள் ஏறக்குறைய அதேதான். கடைசிக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியும், வெளியே உட்கார்ந்திருந்த இந்திராவுக்குப் பிறகு தெரிந்தது. தப்பாகச் சொல்லவில்லை என்பது மட்டும் இங்கே போதும்.

மருந்தக ஜன்னலில் பாத்திமா நின்றிருந்தாள். என் தலையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். பெயர் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் விதி விதிதான்.

“யாருக்கு சார்?”

சகலைக்கு என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது.

“எனக்குத்தாம்மா.”

கவரில் என் பெயரை எழுதினாள். சூரியன் ஒன்று போட்டாள். பிறகு மூன்று வாக்கியத்தையும் முதலிலிருந்து கடைசி வரை, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஒன்று விடாமல் எனக்கு ஒப்பித்தாள். காலி அட்டையையும் மறக்கவில்லை. நான் தலையாட்டினேன்.

எண்ணெய் வைத்தாகிவிட்டது, வீணாகப் போக வேண்டாம் என்று இந்திரா சொன்னதால் இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போனோம். கூட்டத்தில் பாதிப் பேர் எங்கே போய்விட்டு வந்தவர்களோ என்று பார்த்தபடி வரிசையில் நின்று குளித்தேன். எண்ணெய் போயிற்று. மற்றது போகவில்லை, அதற்குப் பல மாதம் பிடித்தது.

பதினைந்து நாள் கழித்துக் காலி அட்டைகளோடு மறுபடி போனேன். எண்ணெய் வைக்காமல் போனேன்.